முப்பத்தேழு

ஆனியில் நின்ற மழை
ஆடியிலும் வரவில்லை.
கச்சான் காற்று மட்டும்
கணக்கப்பிள்ளையைப் போல
நேரம் தவறாமல் மலைக்கு வந்து
கொழுந்தையெல்லாம் முறுக்கிவிட்டுப் போகிறது.
பீலியில் தண்ணீர் நூலாய் இறங்குகிறது.
ஒரு குடம் நிறைவதற்குள்
ஒரு சண்டை முடிந்துவிடுகிறது.

ஐந்தாம் நம்பர் மலையில்
சவுக்கு மரங்கள்
ஒன்றுமே நடக்காததுபோல் நின்றன.
இல்லை, அப்படிச் சொல்வது சரியில்லை.
பாதி இலையை உதிர்த்துவிட்டு நின்றன.
செலவைக் குறைக்கத் தெரிந்த மரம்.
மிச்ச இலையைக் காற்று புரட்டினால்
பச்சைக்கு அடியில் வெள்ளி,
அடகுக்கடைக்குப் போகாத வெள்ளி.
அந்தக் காய்ச்சலிலும்
மொட்டைக் கிளையில் மஞ்சள் சீப்பாய்ப் பூ,
பூவுக்குள் தேனீயின் இரைச்சல்.

வேர் நேராகக் கீழே போகிறது,
தேயிலையின் பங்கில் கை வைப்பதில்லை
என்று ராயப்பன் சொல்வான்.
நிழல் கழிக்கிறவன்.
கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு
உச்சிக்குப் போனால்
பேச்சும் உயரத்துக்குப் போய்விடும்:
"இங்கிருந்து பார்த்தா
நீங்கள்லாம் வெறும் கூடைதான் அக்கா,
தலையே தெரியல."
இறங்கி வந்ததும் கையைச் சொறிவான்.
அரிக்கும் மரம் அது.
எல்லோரிடமும் ஒட்டாது.

அவன் கழித்துப் போட்ட கிளைதான் என் அடுப்பு.
சீக்கிரம் பற்றும், சீக்கிரம் தீரும்,
சம்பளம் மாதிரி.
உதிர்ந்த இலை தூர்களுக்கு நடுவே
மெத்தையாய்க் கிடக்கும்.
கையை விட்டுப் பார்த்தேன்,
மூன்று மாத வெயிலுக்கு அடியில்
மண் இன்னும் குளிர்ந்திருந்தது.

இதையும் கப்பலில்தான் கொண்டுவந்தார்களாம்.
மூங்கில் கூடையிலோ பெட்டியிலோ, தெரியாது.
யாரும் அதனிடம்
பிரஜாவுரிமைக் காகிதம் கேட்கவில்லை.

முழு நிழல் தராது. சல்லடை நிழல்.
முழுசாய்க் கொடுத்தால்
தேயிலை சோம்பிவிடும் என்பது துரையின் கணக்கு.
எனக்கும் அதே கணக்குத்தான் போலிருக்கிறது:
பத்து மணிக்குப் போத்தல் தேத்தண்ணியோடு
ஒரு மரத்தடியில் நிற்பேன்,
படங்கை உதறி, அட்டை பார்த்து,
ஆறு நிமிடம்.

அந்த மரத்துக்குத்தான்
முப்பத்தேழு என்று வெள்ளைப் பெயிண்ட் அடித்தார்கள்.
வெலிமடையிலிருந்து மர முதலாளி வந்தார்,
தட்டிப் பார்த்தார், அணைத்துச் சுற்றளவு பார்த்தார்.
மெஷின் வாள் இரண்டு நாள் கத்தியது.
ராயப்பன் வேலைக்கு வரவில்லை.
பல்வலி என்றான்.

நிழலுக்குப் பழகிய தூர்கள்
நாலே நாளில் சிவந்தன.
மரத்தின் வடிவத்திலேயே சிவந்தன,
கிளை கிளையாக.
அன்றைக்கு என் கொழுந்து பன்னிரண்டு கிலோ.
பதினெட்டு வேண்டும்.
கணக்கப்பிள்ளை தலை நிமிராமல்
அரைப் பேர் எழுதினார்.
மரத்துக்கு முழு நம்பர்.
எனக்கு அரைப் பேர்.

லொறி போன பிறகு
பட்டையோடு ஒரு புறப்பலகை கிடந்தது.
எடுத்து வந்து
எலி அரித்த கதவின் கீழ்ப்பாதியில் அடித்தேன்.
கிராம சேவகர் பதிவெடுக்க வந்தார்.
எங்கள் காம்பிரா ஒன்பது.
அவர் குனிந்து பார்த்து
முப்பத்தேழு என்று எழுதிக்கொண்டார்.
நான் திருத்தவில்லை.

இன்னமும் பத்து மணிக்கு
கால் அந்தக் குத்திக்குத்தான் போகிறது.
வெயிலில் நின்று குடித்துவிட்டு வருகிறேன்.

நேற்று இரவு கதவு சாத்த முடியவில்லை.
"எந்த மடையன் அடிச்ச பலகை" என்று
தள்ளித் தள்ளி ஏசினார் வீட்டுக்காரர்.
தடவிப் பார்த்தேன்.
பலகை உப்பியிருந்தது.
வெளியே ஒரு துளி இல்லை,
மேகம்கூட இல்லை,
லயத்தில் யாருக்கும் தெரியாது.
அடுப்படிக்குப் போய்
இருந்த நாலு வாளியையும்
வாசலில் வைத்தேன்.